வால் குழாயில் நின்ற பழுப்புத் துளி

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு. கறிக்கடைக்குக் கிளம்பும்போது ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. அங்கே காபி எஸ்டேட் வைத்திருக்கும் பெரியவர். அவருடைய பல்ப்பர் மெஷின், தண்ணீர்த் தொட்டி, கேட் எதுவானாலும் 12 வருடமாக நான்தான் வெல்டிங் வேலை பார்க்கிறேன்.

“தம்பி, நம்ம பிளேனோட வாலுக்கு அடியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்குது. துடைச்சு விட்டா மறுநாள் காலையில திரும்ப நிக்குது. பழுப்பா இருக்கு. வந்து ஒருமுறை பாத்துடுங்களேன்.”

“ஓடு ஒழுகுதுங்களா சார்?”

“ஓடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணி மேலேர்ந்து வரல. குழாய்க்குள்ளேர்ந்து வருது.”

அதைக் கேட்டதும் கறி எடுக்கிற நினைப்பே போய்விட்டது. சின்னச் சுத்தியல், சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பி, தடிமன் அளக்கும் வெர்னியர், டார்ச் லைட் நாலையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் பனி. பத்தாவது வளைவுக்கு மேல் ஹெட்லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சட்டை, தலைமுடி, பெட்ரோல் டேங்க் எல்லாவற்றிலும் ஈரம் படிந்தது. இந்த ஊரில்தான் அந்த இரும்புக் கூடு நாலு வருடமாகக் கிடக்கிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அது ஒரு கிட் விமானம். அமெரிக்காவில் பாகங்களாகச் செய்து பெட்டியில் அனுப்புவார்கள், வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேல். உடம்பு முழுவதும் எஃகுக் குழாய்களை வெல்ட் செய்த கூடு. அதன் மேல் துணி போர்த்தி வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசி இறுக்குவார்கள். பெரியவர் இதைப் புதிதாக வாங்கவில்லை. வேறு ஒருவர் பாதி வேலை செய்து கைவிட்டதை வாங்கி, லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, காபி கோடவுனில் வைத்து, மெதுவாக வேலை பார்த்துவருகிறார். இளவயதில் ஃப்ளையிங் கிளப்பில் பறக்கக் கற்றவர். இது முடிந்ததும் கூட்டைத் தனியாகவும் இறக்கையைத் தனியாகவும் கீழே இறக்கி, முறையான அனுமதி வாங்கிப் பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கோடவுனில் அந்தக் கூடு மரக் கட்டைகளின் மேல் நின்றது. மூக்கு உயர்ந்து, வால் தாழ்ந்து. இந்த மாதிரி விமானத்துக்கு சின்னச் சக்கரம் வாலில் இருக்கும் என்பதால் தரையில் நிற்கும்போது எப்போதும் அப்படித்தான் நிற்கும். உடம்பின் நீளத்துக்கு நாலு முதன்மைக் குழாய்கள் ஓடுகின்றன, லாங்கரான் என்பார்கள். கீழ்ப்பக்கத்து இரண்டும் பின்னால் வந்து வால் கம்பத்தில் சேரும் இடம்தான் மொத்தக் கூட்டிலும் தாழ்ந்த மூலை. அந்த மூலையில், இடதுபக்கக் குழாயின் அடிவயிற்றில், கடுகளவு ஒரு துளி. கீழே தரையில் காசளவு பழுப்புக் கறை.

சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங், டங் என்று மணி மாதிரி வந்த சத்தம், வாலுக்கு ஒரு சாண் முன்னால் டப் என்று அமுங்கியது. பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. ஒரு கொப்புளம் கூட இல்லை. சென்டர் பஞ்சை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. பிடுங்கியதும் கறுப்புத் தண்ணீர் ஒரு கோடாக என் முழங்கைக்கு வழிந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். தண்ணீர் நிற்காத மேல்பகுதியில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு, விரலால் தேய்த்தால் பொடியாக வந்தது. அடியில் கறுப்பு. வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. காற்று குறைவாகக் கிடைக்கும் இடத்தில் துரு கறுப்பாகத்தான் இருக்கும், ஜவ்வரிசி ஆலைகளின் தொட்டிக் குழாய்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே தண்ணீர் மட்டம் நின்ற கோடு, பென்சிலால் போட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை ஒட்டித்தான் குழிகள் அதிகம். குழாயின் சுவர் தடிமன் 0.9 மில்லிமீட்டர். குழி விழுந்த இடத்தில் வெர்னியரில் 0.4, 0.3 என்று காட்டியது. ஓர் இடத்தில் ஊசி ஓட்டை. துளி வந்தது அதன் வழியாக.

மற்ற இரும்பு வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த 0.9 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. வீட்டு கேட்டில் அரை மில்லி தின்றாலும் கேட் நிற்கும். இங்கே அரை மில்லி போனால் பாதிக் குழாய் போயிற்று. அந்தப் பாதியை நம்பி மேலே இரண்டு பேர்.

இது குரோமாலி எஃகு, எண் 4130. பட்டறைப் பையனிடம் பெயரைச் சொன்னதும், “குரோம் இருக்கேண்ணா, அப்புறம் எப்படித் துருப்பிடிக்கும்?” என்று கேட்டான். சேலத்துப் பையன் அப்படிக் கேட்பது நியாயம்தான். எங்கள் ஊர் ஸ்டீல் பிளான்ட்டில் உருட்டுவது ஸ்டெய்ன்லெஸ். காசு அடிக்கிற வில்லை கூட இங்கிருந்து போகிறது. குரோம் என்றால் துருப்பிடிக்காது என்று சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் ஸ்டெய்ன்லெஸ் ஆவதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். 4130ல் இருப்பது ஏறக்குறைய 1 சதவீதம். அது பலத்துக்காகச் சேர்ப்பது. துரு விஷயத்தில் இது சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பைப்போடு கிட்டத்தட்ட ஒன்றுதான். மெல்லிசாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் ஆபத்து.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போனது? இரண்டு முனையும் வெல்ட் செய்து மூடிய குழாய்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் நாள் ஆனது. பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், குழாயின் மேல்பக்கம், வயர் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் கிளிப். அதைக் கழற்றினால் கீழே தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகு, 3 மில்லி ஓட்டை. முதலில் வைத்திருந்தவர், வால் விளக்கு வயரைக் கட்ட ட்ரில் போட்டுத் திருகியிருக்கிறார். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கூடு துணி போர்த்தாமல், தார்ப்பாய்க்கு அடியில், வெட்டவெளியில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததாம். கிளிப்புக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கும். திருகின் மரை வழியாகக் கசியும்.

“ஒரு திருகு இடுக்குல இவ்வளவு தண்ணியா தம்பி?” என்று அவர் நம்பாமல் கேட்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அதைச் செய்து பார்த்துவிட்டேன். 25 மில்லி எம்.எஸ். குழாய் ஒரு மீட்டர் எடுத்து, இரண்டு பக்கமும் மூடி வெல்ட் செய்து, ஒரு முனையில் 1 மில்லி ஓட்டை மட்டும் போட்டேன். தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, மதியம் தகரக் கூரை மேல் வைத்தேன். கையில் பிடிக்க முடியாத சூடு; வெப்பமானி 58 டிகிரி காட்டியது. எடுத்ததும் ஓட்டை இருக்கும் முனையை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு காதை வைத்தால் உள்ளே சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். குழாய் குளிரக் குளிர உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, சுருங்கின இடத்துக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்துத் துடைத்து எடை போட்டால் 34 கிராம் கூடியிருந்தது. டீ கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு. பையன் குழாயைக் காதோரம் வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

கோடையில் நாள் பூராவும் வெயில் காய்ந்த குழாயின் மேல் சாயங்காலம் திடீரென்று மழை கொட்டினால் இதேதான் நடக்கும். உள்ளே போகும் தண்ணீர் வெளியே வருவதில்லை. ஓட்டை மேலே இருக்கிறது, தண்ணீர் வாலுக்கு ஓடிவிடுகிறது. மழை பெய்யாத நாளிலும் குழாய் சும்மா இருப்பதில்லை. பகலில் காற்றை வெளியே விடுகிறது, ராத்திரி ஈரக் காற்றை இழுக்கிறது. தினம் ஒரு மூச்சு. ஏற்காட்டுப் பனியில் அந்த மூச்சு எவ்வளவு ஈரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பறக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போய்ச் சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும், எல்லோரும் பார்த்திருப்போம். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. ஓட்டையுள்ள குழாயோடு அந்த உயரத்துக்குப் பறந்துவிட்டு இறங்கினால், ஏறும்போது அந்த அளவு காற்று வெளியே போய், இறங்கும்போது கீழ்க்காற்று உள்ளே புகும். ஒவ்வொரு பறப்புக்கும் இது நடக்கும்.

அப்படியானால் ஓட்டையே இல்லாத குழாய்க்குள் என்ன ஆகும்? இதைத்தான் நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன், ரொம்ப நாளாக மனதில் இருந்த சந்தேகம். ஒரு அங்குலக் குழாய், ஒரு மீட்டர் நீளம். உள்ளே 0.44 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 0.12 கிராம். அந்த ஆக்சிஜன் முழுவதும் இரும்பைத் தின்றுவிட்டாலும் 0.28 கிராம் இரும்புதான் துருவாகும். உள்சுவர் முழுவதற்கும் பரப்பினால் அரை மைக்ரான் வருகிறது. சுவர் 900 மைக்ரான். அதாவது, காய்ந்த நிலையில் சரியாக மூடிய குழாயில் துரு ஆரம்பித்த இடத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரே இடத்தில் குழி விழுந்தால் கணக்கு மாறும்தான், ஆனால் குழி விழ உள்ளே தண்ணீர் தேங்க வேண்டும். இந்தக் கணக்கை மறுநாள் பெரியவரிடம் காட்டியபோது அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது.

விமானம் பழுதுபார்ப்பவர்கள் கையில் இருக்கும் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற கையேட்டிலும் இதே கருத்து இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டாலும் குறைந்த காலத்தில் சுவரை முழுசாகத் தின்றுவிடும். சூடான ஆளிவிதை எண்ணெயோ வேறு துருத் தடுப்பு எண்ணெயோ உள்ளே விட்டு அலசி வடிக்க வேண்டும். குழாயின் உள்பக்கம் காய்ந்திருந்தால் காற்றுப் புகாமல் மூடிவிடுவதும் போதுமான பாதுகாப்பே. பெரியவர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கோடவுன் சுவரில் ஒட்டியிருக்கிறார். எண்ணெய் விட்டாயிற்றா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் கேள்வி, ஓட்டை எங்கே என்பது.

வெல்டர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஓட்டைகள் நம் கையால்தான் வருகின்றன. இரண்டு பக்கமும் மூடுகிற குழாயில் கடைசி அரை அங்குலத்தை மூடும்போது உள்ளே சூடான காற்று பிதுங்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். உருகின இரும்பைத் துப்பும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை நின்றுவிடும். மேலே பார்த்தால் வெல்டிங் அழகாக இருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் இதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே முன்கூட்டியே காற்று வெளியே போக ஒரு வழி வைத்து, மூட்டெல்லாம் ஆறின பிறகு கடைசியாக அதை ஒரு சொட்டில் மூட வேண்டும். அந்த வழியையும் கண்ட இடத்தில் போடக்கூடாது. வரைபடத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே. சாண்ட் பிளாஸ்ட் அடிக்கப் போனால் அதற்கு முன்னால் எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டும். உள்ளே போன மணலை வெளியே எடுக்கவே முடியாது, அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். துரு நீக்குகிற ஆசிட் தடவுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பவுடர் கோட்டிங் செய்த கூடு வாங்குகிறவர்களும் வெல்டிங் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். சூளையில் 180, 200 டிகிரிக்குச் சூடாகும்போது ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாக வெளியேறி, இளகின பவுடரில் குமிழியோ ஊசிக் குத்தோ விட்டுப் போகும். அதை அழகுக் குறை என்று நினைத்து டச்-அப் செய்து மறைத்துவிடுகிறார்கள். அது குழாய் நமக்குக் காட்டிய அடையாளம்.

பழுது பார்க்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் கிட் கம்பெனிக்குப் படங்களோடு எழுதினார். எங்கே வெட்ட வேண்டும், உள்ளே செருகும் துணைக் குழாய் எவ்வளவு நீளம், எத்தனை இடத்தில் துளை வைத்து வெல்ட் என்று வரைபடம் வந்தது. அது வராமல் நான் வெல்டிங் டார்ச்சைத் தொட்டிருக்க மாட்டேன். 30 டிகிரி சாய்வாக வெட்டி, டிக் வெல்டிங்கில் சேர்த்தேன். வெல்ட் ஆனதும் ஊதவோ ஈரத்துணி போடவோ கூடாது, தானாக ஆற வேண்டும். 4130 சட்டென்று குளிர்ந்தால் இறுகி, எளிதில் உடைகிற மாதிரி ஆகிவிடும். மற்ற குழாய்களின் தடிமனை, பாய்லர் சோதனைக்குப் போகும் நண்பர் ஒருவரிடம் அல்ட்ராசோனிக் மீட்டர் இரவல் வாங்கி, ஒரு சாணுக்கு ஒரு இடம் அளந்தோம். வேறு எங்கும் குறையவில்லை.

ஓட்டை தேடியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. நல்ல குழாயில் ட்ரில் போட்டுக் காற்றடிக்க மனம் வரவில்லை. ஏற்காட்டில் நல்ல வெயில் வந்த ஒரு நாள், எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் கூட்டைத் தூக்கிவந்து காபி காயவைக்கும் களத்தில் வைத்தார்கள். காலையில் 18 டிகிரி இருந்த குழாய் 11 மணிக்கு 45ஐத் தொட்டது. மூடிய குழாய்க்குள் அதற்கே கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறிவிடும், காற்றடிக்கிற வேலையை வெயில் செய்துவிடுகிறது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் பூசினோம். பையன் ஒருபக்கம், நான் ஒருபக்கம். நாற்பதுக்கு மேல் மூட்டு பார்த்த பிறகு, இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாயின் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி வந்து, உடைந்து, அதே இடத்தில் திரும்ப வந்தது. “அண்ணா, இங்க!” என்று அவன் கத்தின கத்தலில் பெரியவர் வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார். மூன்று பேரும் குனிந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றே தேய்த்து, காயவைத்து, மூடினேன்.

நான் சேர்த்த குழாயில் எண்ணெய் விடுவதற்கென்று வரைபடத்திலேயே இரண்டு சின்ன ஓட்டை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றை அடைத்து, மற்றதில் சைக்கிள் வால்வைப் பொருத்தி, 5 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி, ராத்திரி அப்படியே விட்டோம். காலை 6 மணிக்குப் பார்த்தால் அரை பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. பெரியவர்தான், “பொறுங்க தம்பி, வெயில் ஏறட்டும்” என்றார். 10 மணிக்கு முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ராத்திரிக் குளிரில் காற்று சுருங்கினதுதான். கேஜ் வைத்துப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல குழாய்களை மூடியபடியே காய்ந்த நிலையில் விட்டுவிட்டோம். சேர்த்த குழாய்க்கு மட்டும் எண்ணெய். உள்ளே துணைக் குழாய் செருகியிருப்பதால் இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. அதில் ஈரம் புகுந்தால் காயாது. எண்ணெயை எல்லாக் குழாய்க்கும் விடச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் தயக்கம். பின்னால் அந்தக் குழாயில் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் எண்ணெய் புகைந்து வெல்டிங்கைக் கெடுக்கும், மூடிய குழாய்க்குள் அந்த ஆவி ஆபத்தும் கூட. பெயிண்டுக்கு முன்னால் விட்டால் மூட்டோரம் கசிந்து பெயிண்ட் பிடிக்காது.

எண்ணெய் என்பது ஆளிவிதை எண்ணெய்தான். கிரிக்கெட் பேட்டுக்குத் தடவுவோமே, அதே லின்சீட் ஆயில். பெயிண்ட் கடையில் கிடைக்கும். இது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தோல் மாதிரி படிகிற எண்ணெய். மூடிய குழாய்க்குள் விட்டால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெரியவர் இன்னொன்று சொன்னார். அவர் கற்றது புஷ்பக் விமானத்தில்; 1950களின் கடைசியில் பெங்களூர் எச்ஏஎல் வடிவமைத்து, நம் ஃப்ளையிங் கிளப்புகளுக்கெல்லாம் போன இரண்டு பேர் விமானம், அதுவும் குழாய்க் கூடுதான். கிளப்பில் இருந்த வயதான மெக்கானிக் வாரத்துக்கு ஒருமுறை வால் மூலையை விரலால் தடவிப் பார்ப்பாராம். பிசுபிசுப்பாகப் பழுப்பு எண்ணெய் ஒட்டினால் அங்கே விரிசல் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் எண்ணெய் விரிசலைக் கண்டுபிடித்து வெளியே வந்து சொல்லும். “அவர் தட்டிப் பார்த்து ஓகே சொல்லாம நாங்க யாரும் ஏற மாட்டோம்” என்றார்.

எண்ணெயை 70 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்கினோம். சூடானால்தான் இடுக்கில் இறங்கும். குழாயையும் வெயிலில் காயவைத்திருந்தோம். ஊசியால் 400 மில்லி ஏற்றி, ஓட்டையை அடைத்து, நாலு பேரும் கூட்டைத் தூக்கிப் பக்கவாட்டில், தலைகீழாக, மறுபக்கம் என்று மெதுவாகப் புரட்டினோம். சாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுத்துப் பழகினவர்கள், சொல்லாமலே ஒரே சீராகத் திருப்பினார்கள். பிறகு வால் ஓட்டையைத் திறந்து ஒரு நாள் முழுக்க வடியவிட்டோம்.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி எல்லோருக்கும் சொல்லுங்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டி மூலையில் எறிந்த துணி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். கோடவுன் முழுக்கச் சாக்கும் மரமும். நான் துணிகளை எண்ணி வைத்து, ஏழையும் தண்ணீர் வாளியில் போட்டு, பின்பு வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்தேன்.

இதெல்லாம் வீட்டில் செய்த விமானத்துக்கு மட்டும் வருகிற தொல்லை என்று நினைக்க வேண்டாம். பைப்பர் கம்பெனியின் துணி போர்த்திய பழைய விமானங்களில் இறக்கையைத் தாங்கும் முட்டுக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பது தெரியவந்து, எஃப்ஏஏ கட்டாய உத்தரவே போட்டிருக்கிறது. 24 மாதத்துக்கு ஒருமுறை முட்டின் அடிப்பகுதியைக் குத்தியோ அல்ட்ராசோனிக்கிலோ பார்க்க வேண்டும். முழுக்க மூடி அடைத்த புது முட்டு போட்டுக்கொண்டால் துருவுக்கான அந்தத் தொடர் சோதனை தேவையில்லை. அங்கேயும் விடை மூடுவதுதான்.

வடித்த எண்ணெயை அளந்தால் 380 மில்லி. 20 மில்லி உள்ளே தங்கியிருக்கிறது. ஓட்டைகளில் சீலன்ட் தடவி, அதற்கென்று உள்ள திருகாணியை அடித்து மூடினோம். வால் விளக்கு வயரைக் குழாயில் ட்ரில் போடாமல், சுற்றிக் கட்டும் நாடாவால் கட்டியாயிற்று. பெரியவர் சாக்பீஸ் எடுத்துக் கோடவுன் கதவின் உள்பக்கம் தேதி போட்டு, ‘உள்ளே 400, வெளியே 380, இடது கீழ்’ என்று எழுதினார். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினார். வரும் ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், சுத்தியலோடு போய் வால் மூலையைத் தட்டிக் கேட்டுவிட்டு வர வேண்டும். அதுவரை கூட்டின் வாலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டிவைத்திருக்கிறார். தினமும் காலையில் காபி டம்ளரோடு போய், அதில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுகிறார். இன்றைக்கும் வந்தது: ‘பேப்பர் சுத்தம், தம்பி.’